பர்மாப் பாத்திரம்

1944 ஆகஸ்டு 5, சனி.

இன்று பள்ளியிலிருந்து மியூசியத்துக்குப் போனோம். கண்ணாடிப் பெட்டிக்குள் கோபுரம் மாதிரி மூடி போட்ட சிவப்புப் பாத்திரம் ஒன்று இருந்தது. பர்மாவில் புத்த பிக்ஷுக்களுக்குச் சோறு எடுத்துப்போவது என்று இங்கிலீஷ் அட்டையை உரக்கப் படித்துச் சொன்னேன்.

யுத்தத்தில் ரங்கூனிலிருந்து ஓடிவந்த கதீஜா, "எங்க பக்கத்து வீட்டம்மாகிட்ட இது இருந்துச்சு. மடத்திலேருந்து திரும்பறப்ப மிச்சத்தை எங்களுக்குத்தான் கொடுப்பாங்க" என்றாள்.

"அட்டையிலே அப்படிப் போடலையேடி!" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

"அந்தம்மா இப்ப உசிரோட இருக்காங்களான்னு போட்டிருக்கா, பாரு" என்றாள் கதீஜா.

டிராமில் அவள் என்னோடு உட்காரவில்லை. மயிலாப்பூர் வரை தெருவையே பார்த்துக்கொண்டு வந்தாள். திங்கட்கிழமை நானே அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அந்த அம்மாவின் பெயரைக் கேட்கப்போகிறேன். சொல்வாளோ, மாட்டாளோ.