நீ பாட மறுத்த பாட்டு

மாட்டுங்கா மார்க்கெட்டில் நாட்டு மருந்துக் கடையைக் கடக்கும்போது அதிமதுர வாசனை வந்தது. நின்றுவிட்டேன். "இது இல்லாம மேடை ஏற மாட்டேன்ட்டி" என்று கன்னத்தில் ஒரு துண்டை அடக்கிக்கொள்வாயே. அவ்வளவு பார்த்துப் பார்த்துக் காத்தும் அந்தத் தொண்டை உன் காலை வாரிவிட்டது.

தாராவி கணபதிப் பந்தலில் தமிழும் இந்தியும் கலந்து நீ பாடினால் தெருவே ஆடும். பின்னால் கோரஸ் பாடிய எனக்கே தலைகால் புரியாது. தொண்டை ஆபரேஷனுக்குப் பிறகு உன் குரல் கரகரத்துப்போனது. நான் அழுதேன், நீ பாட்டெழுதத் தொடங்கினாய். இந்தி மீடியத்தில் படித்த உனக்குத் தமிழ் எழுத்து வராது. உடைந்த குரலிலேயே பாடிப் போனில் அனுப்புவாய். ஆபீஸ் விட்டு ரயிலில் வரும்போது கேட்டுக் கேட்டு நான் எழுதுவேன். ஒரு சொல்லை மாற்றினாலும் சண்டைதான். "அடுத்தவ வாயில உக்காருத மாரி எழுதணும்ட்டி. எங்குரல நான் மறந்தாச்சு" என்பாய். எனக்குத்தான் மறக்கவில்லை.

கடைசிப் பாட்டை உன் தெருப் பெண் ஒருத்திக்காக எழுதினாய். அவள் மூச்சுக்கு ஏற்றபடி வரிகளைக் குறுக்கினாய். போன வாரம், உன் பழைய ஆல்பத்தை வெளியிட்ட கம்பெனிக்காரர்கள் அதை அனுப்பினார்கள். பாடுவது அவள் இல்லை, நீ. அந்த ஆல்பத்தை வைத்துக் கம்ப்யூட்டரில் செய்த இளமைக் குரல். உன் அம்மா சம்மதித்தால் வெளியிடுவார்களாம்.

அவரை வேண்டாம் என்று சொல்ல வைக்கத்தான் தாராவிக்குப் போனேன். கேட்டுவிட்டுச் சொல்லட்டும் என்று பாட்டைப் போட்டேன். நீ கண்ணை மூடிய பிறகு முகம் கொடுத்துப் பேசாதவர், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"எம் மவளுக்குத் தொண்ட சரியாயிட்டுல்லா!"

"அத்தை, இது அவ பாடுனதில்ல. மெஷினு."

"தெரியும் மக்கா. இன்னொருக்கப் போடு."

அதே பாட்டை நீ உடைந்த குரலில் எனக்கு அனுப்பியதைப் போட்டேன். இரண்டு வரி தாண்டவில்லை.

"நிப்பாட்டு. அவ கஷ்டப்படுதா."

போனை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். நீ பாட்டெழுதிய அந்தப் பெண் போன் செய்துகொண்டே இருக்கிறாள், நான் எடுக்கவில்லை. அவள்தான் பாட வேண்டும் என்ற உன் விருப்பம் தெரிந்தவள் நான் ஒருத்திதான், அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. நாளை கம்பெனிக்குப் பதில் சொல்ல வேண்டும். ஒரே ஒரு தடவை வந்து, என்னைத் திட்டிட்டாவது போயேன்ட்டி.