வேண்டுதல் காப்பும் ஒயரில்லாத காயிலும்

29-6-2004, செவ்வாய்

காலையிலேயே வெயில் மண்டையைப் பிளக்கிறது. ஸ்கேன் ரூம் ஏ.சி. புண்ணியம்.

செங்கம் ரோடு ஓட்டல் பரோட்டா மாஸ்டர் மணி மறுபடி வந்தார். வலது மணிக்கட்டு வலி, ரெண்டு மாசமாக. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. நம் பழைய எம்.ஆர்.ஐ.யில் கை எடுத்தால் ஒரே புள்ளி புள்ளி. கைக்கென்று தனி காயில், அதாவது சிக்னல் பிடிக்கும் கம்பிச்சுருள், நம்மிடம் கிடையாது.

"மொதலாளி நான் நடிக்கிறேன்னு சொல்றாருங்க மேடம். சனிக்கிழமைக்குள்ள ரிப்போர்ட் காட்டலன்னா வேற ஆள் போட்டுருவாராம்."

நானே ஒரு காயில் சுற்றுகிறேன் என்று நம் ஸ்கேன் சென்டர் டாக்டரிடம் சொன்னேன். மிஷினோடு ஒயரே வேண்டாம். மணிக்கட்டைச் சுற்றி வைத்தால் போதும். கையின் சன்னமான சிக்னலைப் பெருக்கி மிஷினின் பெரிய காயிலுக்குக் கொடுக்கும்.

சிரித்தார். "ஒயர் இல்லாமயா? போய் டெக்னீசியன் வேலைய பாரும்மா."

இருய்யா, காட்டுறேன்.

சாயங்காலம் கோயில் வாசலில் செம்புக் காப்பு வாங்கி இடது கையில் மாட்டிக்கொண்டேன். காயில் வேலை செய்கிற வரை கழற்ற மாட்டேன். அண்ணாமலையாருக்கு வேண்டுதல்.

1-7, வியாழன்

செம்புக் கம்பி மூன்று சுற்று. கெபாசிட்டர். மிஷின் அலை அனுப்பும்போது காயில் சூடாகாமல் ஒதுங்கியிருக்க ஒரு டையோடு. பற்றவைத்ததில் விரலில் ரெண்டு சூடு.

தண்ணீர் பாட்டிலுக்கு மாட்டிப் படம் எடுத்தேன். அடேங்கப்பா! பளிச்!

டாக்டர்: "பாட்டிலுக்கா மணிக்கட்டு வலி?"

என் இடது கையில் காயிலை மாட்டி நீட்டினேன். அவரே பட்டனைத் தட்டினார். படம் கும்மிருட்டு. மானம் போச்சு.

இஸ்திரி துணி வாங்க மறந்தேன்.

2-7, வெள்ளி, பௌர்ணமி

கிரிவலக் கூட்டம், பஸ் எல்லாம் ஊருக்கு வெளியே. ஒரு பேஷண்டும் வரவில்லை. மிஷின் முழுக்க எனக்கே.

காயிலைப் பாட்டிலில் மாட்டி மீட்டரில் பார்த்தேன். அலைவரிசை சரியாகவே இருக்கிறது. இடது கையால் பாட்டிலைத் தொட்டால் முள் ஓடுகிறது. வலது கை என்றால் அசையவில்லை. நாலு தடவை இப்படியே. பிறகுதான் உறைத்தது.

காப்பு!

செம்பைக் காந்தம் இழுக்காது என்று செம்பு நகையை இங்கே எல்லோரும் கண்டுகொள்ளாமல் விடுவோம். ஆனால் அந்த வளையம் காயிலின் அலைவரிசையையே கெடுத்துவிடுகிறது. வேலை செய்கிற வரை கழற்றக் கூடாது. கழற்றாத வரை வேலை செய்யாது. மக்கு, மக்கு, சுத்த மக்கு நான்!

ஜன்னலில் மலை. "சாமி, கோச்சிக்காத." சோப்பு போட்டுக் கழற்றினேன்.

டாக்டர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "சும்மாதான இருக்கீங்க சார், ஒரே ஒரு தடவ."

முணுமுணுத்துக்கொண்டே வந்தார். கையை நீட்டினேன். எலும்பு, தசைநார், எல்லாம் தனித்தனியாக. ரொம்ப நேரம் திரையையே பார்த்தார்.

"இது நம்ம மிஷின்தானா?"

ஆமாம் சார், உங்க மிஷின்தான். காயில்தான் என்னுடையது. (வாய்விட்டுச் சொல்லவில்லை.)

3-7, சனி

மாஸ்டர் எட்டு மணிக்கே ஆஜர். மோதிரம், கைக்கயிறு எல்லாம் கழற்ற வைத்தேன். ரெண்டு தடவை நானே தடவிப் பார்த்தேன்.

படத்தில், மணிக்கட்டின் சுண்டு விரல் பக்கம் சவ்வில் கிழிசல். டாக்டர் பேனாவால் காட்டினார். சந்தேகமே இல்லை.

"கிழிஞ்சிருக்குங்களா? நெஜமாவே கிழிஞ்சிருக்கா?" கண்ணெல்லாம் தண்ணீர், வாயெல்லாம் சிரிப்பு. கிழிசலுக்கு இப்படிச் சந்தோஷப்பட்ட மனுஷனை நான் பார்த்ததில்லை. பிலிமை உறையில்கூடப் போடாமல், வெயிலில் தூக்கிப் பிடித்துக்கொண்டே ஓட்டல் பக்கம் நடந்தார்.

எனக்கும் சந்தோஷம், அவ்வளவு சந்தோஷம்.

டாக்டர் டீ சொன்னார், எனக்கும் சேர்த்து. முகத்தைப் பார்க்காமலே கேட்டார்: "முழங்காலுக்குன்னா எத்தன சுத்து வேணும்?"

நாளைக்குக் கம்பி வாங்கணும். ஜாஸ்தியாவே.