சந்தை நாளில் வந்த போன்

பொன்மலை,
மார்கழி 14, திங்கட்கிழமை.

அன்புள்ள செந்தமிழனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் யாழினியும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே நீ நலமா என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போவதுதான் எல்லோருக்கும் வழக்கம். நான் பதில் வேண்டும் என்று கேட்கிறேன். நலமா?

ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்து, உலை வைத்துவிட்டு எழுதுகிறேன். கை ஓய்ந்திருக்கிறது, எழுத்து கோணினால் அதுதான் காரணம். ஸ்டோரில் இந்த வாரம் பழைய சாமான்களை எல்லாம் இறக்கி வேறு ரேக்கில் அடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். காலைச் சங்கிலிருந்து மாலைச் சங்கு வரை பெட்டி தூக்குகிறேன். என்னோடு வேலை பார்க்கும் சுராயா இன்று என் கையைப் பிடித்து, "அக்கா, காலையிலேருந்து ஒரே பெட்டியத் தூக்கி அதே எடத்துலயே வெக்கிறீங்க, ரயில்வே உங்களுக்குத் தனியா அவார்டு தரணும்" என்றாள். சிரித்தேன். பெட்டியை அப்போதும் அங்கேயேதான் வைத்தேன். யாழினிக்கு அரைப்பரீட்சை முடிந்து லீவு. உன் கட்டிலில்தான் படுக்கிறாள். ஏன் என்றால் அங்கேதான் காற்று வருகிறதாம், இந்த மார்கழிக் குளிரில். நீ ஜி கார்னர் மைதானத்தில் ஓடிக் கிழித்த பழைய ஷூ வாசலிலேயே கிடக்கிறது, தூக்கிப் போடவிடமாட்டேன் என்கிறாள்.

நேற்றைய போனைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். வேறு எதையோ எழுதிக்கொண்டிருக்கிறேன். நேற்று ஞாயிறு, சந்தை. உனக்குத் தெரியும், சந்தைக்கு வருகிற நம் ஆட்கள் எல்லோரும் நம் குவார்ட்டர்ஸில் பையைப் போட்டுவிட்டு ஒரு வாய் சாப்பிட்டுத்தான் போவார்கள். மாத்ருபூதம் மாமா, அத்தை, பக்கத்து வீட்டு வீரம்மாள் அக்கா, தரையெல்லாம் காலிஃப்ளவர் இலை. ஒன்றரைக்கு உன் போன் வந்தது. வாரத்துக்கு ஒருமுறை போனை உன் கையில் தருகிறார்கள், பத்து நிமிடம். அதை நாங்கள் சாம்பார் வாளி மாதிரி வரிசையாகக் கை மாற்றினோம். மாமா வாங்கி, "என்னடா சிப்பாய், துப்பாக்கி குடுத்துட்டாங்களா, இல்ல இன்னும் புல்லுதான் புடுங்குறியா" என்றார். அத்தை, "சப்பாத்தியே போட்டுக் கொல்றானுங்களாமே, சோறு கேட்டு வாங்கித் தின்னுப்பா" என்றாள். வீரம்மாள் அக்கா போனை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, "தம்பி, மிலிட்டரி கேண்டீன்ல குக்கர் சல்லிசாமே, வர்றப்ப அஞ்சு லிட்டர் ஒண்ணு எடுத்துட்டு வந்துரு" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள். யாழினிக்கு உன் மொட்டைத் தலையைப் பார்க்க வேண்டுமாம், வீடியோவில் வா என்று சண்டை. எல்லோருக்கும் நீ ம் சொன்னாய், சரி சொன்னாய். கடைசியில் போன் என்னிடம் வந்தது. "அம்மா, என்னால" என்றாய். அத்தோடு கட்டாகிவிட்டது. உன் பத்து நிமிடம் முடிந்துவிட்டது.

என்னவாம் என்றார் மாமா. என்னால லீவு கேக்க முடியலங்கிறான் என்றேன். பொய் நன்றாகவே வந்தது.

இன்னொன்று. அதற்காகத்தான் இந்தக் கடிதம். போனை முதலில் எடுத்தது நான். நீ "அம்மா" என்றாய். அந்த ஒரு வார்த்தையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அப்பா போன அன்று ஸ்கூலிலிருந்து உன்னைக் கூட்டிவந்தபோது இருந்த குரல் அது. "இருப்பா, மாமா பேசணுங்கிறாரு" என்று அவர் கையில் கொடுத்தேன். மாமா கேட்கவே இல்லை, காலிஃப்ளவரில் புழு பார்த்துக்கொண்டிருந்தார். யாருக்கும் அவசரம் இல்லை. நான்தான் ஒவ்வொருவர் கையிலாகக் கொடுத்தேன், வீரம்மாள் அக்காவை வாசலிலிருந்து கூப்பிட்டது உட்பட. கட்டானதும் முதலில் வந்தது வருத்தம் இல்லை. அப்பாடா என்று இருந்தது. ஒரு வாரம் தள்ளிப்போயிற்றே என்று. பிறகு தட்டு கழுவும்போதுதான் உறைத்தது, தள்ளிப்போனது எனக்கு, உனக்கு அந்த வாரம் முழுக்கப் பாக்கி இருக்கிறது என்று.

ஏன் பயந்தேன் என்றும் எழுதிவிடுகிறேன். அப்பா போனபோது உனக்குப் பதினான்கு வயது. வாரிசு வேலையைப் பையன் பேருக்கு வை, பதினெட்டு ஆனதும் சேரட்டும் என்றார் மாமா. நான்கு வருடம் காத்திருக்க முடியாது என்று நானே சேர்ந்தேன். தப்பா சரியா, இன்று வரை எனக்குத் தெரியவில்லை. அதைப் பற்றி நீ ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆள் எடுப்புக்கு நீ ஓடப் பழகிய நாளில் மாமா சாப்பிட்டுக்கொண்டே, "அப்பவே நான் சொன்னதக் கேட்டிருந்தா இவன் ஏன் விடிகாலைல நாய் தொரத்த ஓடுறான்" என்றார். நீ குனிந்து ஷூ லேஸைக் கட்டினாய். ஏற்கெனவே கட்டியிருந்த லேஸ். அவிழ்த்துக் கட்டினாய். நான் ரசம் ஊற்றினேன். இப்போது நீ முடியவில்லை என்று சொன்னால் அந்த லேஸ் விஷயத்துக்கும் சேர்த்து நான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அதுதான் பயம். வேறு பெரிய காரணம் இல்லை.

இன்று சாப்பாட்டு நேரத்தில் பாசில் அண்ணனிடம் கேட்டேன், பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து இப்போது கேட்டில் வாட்ச்மேனாக இருக்கிறாரே, அவர். உன் பேரைச் சொல்லவில்லை, தெரிந்த ஒரு பையன் என்றேன். அவர் என்னைப் பார்த்துவிட்டு, "நாலாவது வாரத்துல எல்லாப் பயலும் வீட்டுக்குப் போறேன்னு அழுவான்மா, நானும் அழுதேன். பத்தாவது வாரத்துல கேக்குறவன்தான் நெசமா கேக்குறான்" என்றார். உனக்கு இது பத்தாவது வாரம். எழுதிக் கொடுத்துவிட்டுத் திரும்ப முடியுமா என்றேன். "எங்க காலத்துல முடிஞ்சுது, இப்ப எப்படின்னு விசாரிச்சுச் சொல்றேன்" என்றார். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்து, "தம்பிகிட்ட உஸ்தாத்கிட்ட வாய் விட்டுப் பேசச் சொல்லுங்க, உள்ள வெச்சுக்கிட்டு ஓடுனா கால் ஒடியும்" என்றார். உங்கள் பயிற்சிக்காரரைத்தான் உஸ்தாத் என்கிறார், நீயும் அப்படித்தான் சொன்னாய். தெரிந்த பையன் என்று நான் சொன்னதை அவர் நம்பவில்லை.

நீ இரு என்றும் வா என்றும் நான் எழுதப்போவதில்லை. இரு என்று சொல்ல ஆசைதான், பொய் சொல்லவில்லை. எனக்கு அலுப்பாக இருக்கிறது, ஒரு கவலையாவது முடிந்தது என்று இருக்கலாமே என்று தோன்றுகிறது. ஆனால் அது என் அலுப்பு. அதைத் தூக்கிக்கொண்டு நீ ஓட வேண்டியதில்லை.

தெருமுனையில் மாமா வைத்த ஃப்ளெக்ஸ் இருக்கிறதே, "பொன்மலை பெற்ற சிங்கம்" என்று, யாருடைய உடம்பிலோ உன் முகத்தை ஒட்டி, பின்னால் பீரங்கி. வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அது என்னைப் பார்க்கும். இன்று வரும் வழியில் சுராயா ஸ்டூலைப் பிடித்துக்கொள்ள நான் ஏறி அறுத்து இறக்கினேன். "வேற யாருக்காச்சும் பொறந்த நாளா, படம் ரிலீஸா, எதுக்குக்கா எறக்குறீங்க" என்று ஆட்டோ ஸ்டாண்டில் கேட்டார்கள். வீட்டுக்கு வேணும் என்றேன். மாமா கேட்பார். காற்றில் கிழிந்தது என்று சொல்லப்போவதில்லை, நான்தான் கழற்றினேன் என்பேன். உன் முகம் மடிப்பில் வராமல் மடித்துப் பரணில் வைத்திருக்கிறேன். பயிற்சி முடித்து வந்தால் நீயே எடுத்து என்ன வேண்டுமானாலும் செய்துகொள். முடிக்காமல் வந்தால் தெருமுனையில் ஒன்றும் இருக்காது. பையோடு நேராக வீட்டுக்கு வரலாம்.

நாளை வைகுண்ட ஏகாதசி. அந்தக் கூட்டத்தில் முடியாது என்று மாமா வீட்டில் எல்லோரும் வருகிற ஞாயிறுதான் ஸ்ரீரங்கம் போகிறார்கள். யாழினியையும் அவர்களோடு அனுப்புகிறேன். "பெருமாளப் பாக்க உனக்கு மட்டும் என்ன கால்வலி" என்று அத்தை போனிலேயே ஆரம்பித்துவிட்டாள். வீரம்மாள் அக்காவிடம் அன்று நான் தூங்கப்போகிறேன், கதவைத் தட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வீட்டில் நான் மட்டும் இருப்பேன். போன் என் கையில் இருக்கும்.

காலில் கொப்புளம் என்று முன்பு சொன்னாயே, உடைக்காதே. ஈர சாக்ஸோடு படுக்காதே. அப்பா படத்துக்கு முன்னால் உன் பேரைச் சொல்லித்தான் தினமும் விளக்கு ஏற்றுகிறேன், எங்கே இருந்தாலும் நன்றாக இரு. நாளை லீவு, புதன்கிழமை ஸ்பீடு போஸ்டில் போடுகிறேன், ஞாயிற்றுக்குள் கிடைக்கவில்லை என்றாலும் பரவாயில்லை. ஒன்றரை மணிக்கு அடி. சாப்பிட்டாயா, குளிருகிறதா என்றெல்லாம் நான் கேட்கமாட்டேன். "என்னால" என்று நிறுத்தினாயே, அங்கிருந்தே ஆரம்பி.

உன் அம்மா,
ராசாத்தி