அப்பா காத்திருந்த கடிகாரம்

மோர்த்தோ,
ஞாயிறு மதியம்

அன்பு மகன் ஒரேலியனுக்கு அம்மா எழுதுவது. நான் சுகமாகவே இருக்கிறேன், முழங்கால் மட்டும் படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. அந்த மொன்றியல் குளிரில் நீ காதை மூடிக்கொண்டு நலமாக நடமாட வேண்டும் என்று நினைத்தபடியே இதைத் தொடங்குகிறேன். இங்கே பனி விட்டுவிட்டது, பக்கத்து வீட்டுப் பசுக்களை மேய்ச்சலுக்கு விட்டாயிற்று, நீ இருந்தால் அந்த மணிச் சத்தத்தைத் திட்டியிருப்பாய். விஷயத்துக்கு வருகிறேன், அப்பாவின் கைக்கடிகாரம் செய்து முடிந்துவிட்டது. வெர்னெரே போன் செய்தார், பெசான்சோனில் மாடி அறையில் தனி ஆளாக உட்கார்ந்து திருகாணி முதல் முள் வரை தன் கையாலேயே செய்கிறாரே, அவர்தான். அப்பா அவரிடம் சொல்லிவைத்து வருஷக்கணக்காகக் காத்திருந்தார், இலையுதிர் காலத்தில் கண்ணை மூடியவருக்கு இந்த வசந்தத்தில் கடிகாரம் வருகிறது. போனைக் கையில் வைத்துக்கொண்டே அழுதுவிட்டேன்.

அப்பாவின் பைத்தியம் உனக்குத் தெரியாததா, கடைக் கடிகாரம் அவர் கண்ணுக்கே தெரியாது. நம் நாட்டில் இப்படித் தனியாக வேலை செய்கிறவர்களைத் தேடித் தேடிப் போய் ஆளுக்கொன்று வாங்கி, செய்தவர் பெயரையே அதற்கு வைத்துக் கூப்பிடுவார். மாதா கோயில் பூசைக்குக் கிளம்பும்போது "இன்னிக்கு யாரக் கூட்டிட்டுப் போகட்டும்?" என்பார். "யாரக் கூட்டிட்டுப் போனாலும் லேட்டாத்தானே போகப் போறீங்க" என்பேன். அந்தச் சிரிப்பு இல்லாமல் வீடு நன்றாகவே இல்லை, ஒரேலியன்.

நேற்று வெர்னெரேயிடம் போனேன். லியோனில் ஒருவர் அதைத் தனக்குத் தரச் சொல்லி நச்சரிக்கிறாராம், "உசிரோட இருந்தப்பவே வரிசைய விட்டுக்குடுக்காத மனுஷன் எங்க வீட்டுக்காரர், இப்ப விடுவாரா?" என்று சொல்லிவிட்டேன். கட்டுகிறவருக்கு ஏற்றபடி ஓட்டத்தைத் திருத்தாமல் வெர்னெரே கடிகாரம் கொடுக்க மாட்டார், அது கையில் இருக்கிற வாகையும் ராத்திரி கழற்றி வைக்கிற வாகையும் பொறுத்துக் கொஞ்சம் முந்தியோ பிந்தியோ ஓடுமாம். அப்பா சொல்லிவைத்த அன்று நானும் கூடப் போயிருந்தேன், வெர்னெரே அப்பாவைக் கேட்டதற்கெல்லாம் நானே பதில் சொன்னேன், இடது கை, நடையில் எப்போதும் அவசரம், கழற்றினால் ரேடியோமேல் சாய்த்து வைப்பார் என்று. "கட்டப் போறது நீங்களா அவரா, மதாம்?" என்று வெர்னெரே கேலி செய்ய, அப்பாவுக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது. அந்தப் பதில்களின்படியேதான் கடிகாரம் இப்போது ஓடுகிறதாம். "யாருக்குன்னு சொல்லுங்க, மாத்திடறேன்" என்றார். உனக்குத்தான் என்றேன். அப்பாவுக்கென்று வைத்த ஓட்டத்தை மாற்றுவதில் வருத்தமில்லை என்று சொன்னால் பொய், ஆனால் அப்பா எதையும் பெட்டியில் பூட்டிவைக்க வாங்கியதில்லை, நீ கட்டினால்தான் அவருக்குப் பிடிக்கும்.

"சரி, தம்பி எந்தக் கையில கட்டுவாரு, வேகமா நடப்பாரா, ராத்திரி கழட்டி எங்க வைப்பாரு?" என்று கேட்டார். தொட்டிலில் நீ எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பாய் என்பதுதான் எனக்குத் தெரியும், அதை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? "பரவால்ல மதாம், விசாரிச்சுச் சொல்லுங்க" என்றார், பெற்ற பிள்ளையைப் பற்றி விசாரித்துச் சொல்ல வேண்டியதாகிவிட்டது பார்.

ஆண்டவர் உன்னைக் குறைவில்லாமல் வைத்திருக்கட்டும், வேளைக்குச் சாப்பிடு. முக்கியமாக ஒன்று, அந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுதி அனுப்பிவிடாதே. வந்து நாலு ராத்திரி இங்கே தூங்கு, நானே பார்த்து அவரிடம் சொல்கிறேன்.

உன் அம்மா,
ஒடெட்