வெள்ளிக்கிழமைப் பிளேன்

20 ஜனவரி 1984, வெள்ளி
எங்கள் கம்பனி தொடங்கி ஒரு கிழமை. இருப்பது ஒரேயொரு பிளேன், எட்டு இருக்கை. யாழ்ப்பாணம் பலாலியிலிருந்து கொழும்புக்கு, கட்டணம் ரயில் முதலாம் வகுப்பைவிடக் கொஞ்சம்தான் கூட. திங்களும் வெள்ளியும் பறக்கும். ரிக்கற் விற்பது நான். ஆனால் நானே பறப்பது போல ஒரு மிதப்பு! ஆறு மாதம் வேலை செய்தபின், இருக்கை காலியாக இருந்தால் எனக்கும் இலவசப் பயணமாம். முகாமையாளர் தில்லைநாதன் வாக்குத் தந்திருக்கிறார்.

10 பெப்ரவரி
திங்கட்கிழமை ரிக்கற்றுக்கு அடிபிடி. வெள்ளிக்கிழமை இரண்டே பேர். ஏன்?

11 பெப்ரவரி
சாவகச்சேரி இரத்தினம்மா அக்கா ரிக்கற் எடுக்க வந்தா. வெள்ளி இடமிருக்கிறது என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தா.
"பத்தே முக்கால் பிளேனோ? வெள்ளி பத்தரைக்கு ராகுகாலமெல்லே பிள்ளை! ஆர் ஏறுவினம்?"
அட கடவுளே. அந்த நேரத்தை விமான நிலையத்தில் கேட்டு வாங்கியதே நான்தான். மெதடிஸ்தச் சபை உபதேசியாரின் மகளான எனக்கு ராகுகாலம் எங்கே தெரியும்? இனி மாற்றவும் விடமாட்டார்களாம். அக்காவே வழியும் சொன்னா:
"நல்ல நேரத்திலை பையை வெளியிலை கொண்டுபோய் வைச்சால், ஆளும் பயணம் வெளிக்கிட்ட மாதிரித்தான்."

24 பெப்ரவரி
'வெள்ளிப் பயணிகளின் பைகள் வியாழன் காலையே ஏற்கப்படும்.' பலகையில் எழுதிப் போட்டேன். ரிக்கற் கந்தோர் முழுக்கப் பை, பனங்கிழங்கு ஒடியல் மூட்டை, முருங்கைக்காய்க் கட்டு. எட்டு இருக்கையும் நிறைந்துவிட்டது!

20 ஜூலை
ஆறு மாதம் முடிந்தது. எனக்கு இடமில்லை. வருகிற மாதமும் இல்லை. என்ரை கெட்டித்தனமே என்ரை இடத்தைப் பறிச்சுப்போட்டுது — அழுறதோ சிரிக்கிறதோ?

21 செப்டெம்பர்
இஞ்சின் பழுதாகி மூன்று கிழமை. பிளேன் கொழும்பில் படுத்திருக்கிறது. சனம் ரயிலுக்குத் திரும்பிவிட்டது. இரத்தினம்மா அக்காவும் வைத்த பையைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டா. "குறை நினையாதை பிள்ளை."

10 ஒக்டோபர், புதன்
கம்பனியை மூடுகிறார்கள். வெள்ளிக்கிழமை பிளேன் வந்து, கந்தோர்ச் சாமான்களை ஏற்றிக்கொண்டு, அதே பத்தே முக்காலுக்கு ஒரேயடியாகப் போகிறது. பயணிகள் கிடையாது.
தில்லைநாதன் கேட்டார்: "எட்டு இடமும் சும்மா கிடக்கு. சீலா, வாறீரோ?"
ஓம் ஓம் என்று தலையை ஆட்டினேன்.

12 ஒக்டோபர், வெள்ளி, கொழும்பு
பறந்தேன்! எட்டு இருக்கையிலும் மாறி மாறி இருந்து பார்த்தேன். பலாலி வாசலில் ஆமிக்காரன் பையைக் கொட்டிக் கிளறியபோதுகூடக் கோபம் வரவில்லை. நாளை ரயிலில் திரும்பி வேலை தேடவேண்டும். அது நாளைக்கு.
காலையில் அப்பா ஜெபம் பண்ணி வழியனுப்பினார். பிறகு என் வெறுங்கையைப் பார்த்தார்.
"பை எங்கை பிள்ளை?"
நேற்று ஒன்பது மணிக்கே கந்தோரில் கொண்டுபோய் வைத்துவிட்டேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?