செவ்வாய்க்கிழமை சவாரியும் ஒரு டிக் சத்தமும்

24-6-86, செவ்வாய்
செஞ்சியிலிருந்து பாண்டிச் சவாரி. வழக்கம்போல அருள்சாமி வாத்தியாரும் அவர் சம்சாரம் இருதயமேரி அம்மாவும். அந்த அம்மாவுக்குக் கட்டி. பெரிய ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றுகிறார்கள், ஒரு வாரம்கூடத் தவறக் கூடாது. இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது.

திரும்பும்போது மணி மூன்று இருக்கும். கிளியனூர் தாண்டி — எழுதவே கை கூசுகிறது — தூங்கிவிட்டேன். இடது பக்கச் சக்கரம் ரெண்டும் சேற்றில் இறங்கிவிட்டன. விழித்துப் பார்த்தால் புளியமரம் கதவை உரசுகிறது. ஒடித்துத் திருப்பினேன். "இன்னா பாய்?" என்று பதறினார் சார். "டயர் கல்லுல ஏறிடுச்சு சார்." பொய் எவ்வளவு சரளமாக வருகிறது!

வீட்டு வாசலில் சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தேன். மெஹபூப் வந்து நின்று, "ஏன் ஒரு பக்கம் மட்டும் கழுவறீங்க?" என்றாள். "உனக்கு வேற வேலயே இல்லியா?" என்று எரிந்து விழுந்தேன். பெண்டாட்டியிடம்தானே நம் வீரமெல்லாம்.

26-6-86
காலையில் வல்லம், மதியம் மேல்சித்தாமூர் சவாரி. மெஹபூப் வியாழக்கிழமை என்று தர்காவுக்குப் போய் வந்தாள். அவளும் பேசவில்லை, எனக்கும் பேசத் தெம்பில்லை. ஐம்பத்தாறு வயதில் உடம்பு இப்படியா விழும்?

28-6-86, சனி
வண்டியில் புதுச் சத்தம். டிக்-டிக்-டிக். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் வேகமாக, விட்டால் மெதுவாக. அறுபத்தெட்டாம் வருஷத்து அம்பாசிடர். எனக்கே வலிக்காத இடமில்லை, அதைச் சொல்லி என்ன.

29-6-86
திண்டிவனம் ரோட்டில் மெக்கானிக் ஆதிமூலத்தின் ஷெட். இருபது வருஷப் பழக்கம். பானெட்டைத் திறந்ததுமே, "டேப்பெட்தான், வேற இன்னா?" என்றான். மூடியைக் கழற்றி, வால்வைத் தள்ளும் எட்டு டேப்பெட்டுக்கும் தகடு விட்டு இடைவெளி பார்த்துச் சரிசெய்தான். மதியம் வரைக்கும் வேலை.

ஸ்டார்ட் செய்தோம். டிக்-டிக்-டிக். அல்லாவே.

30-6-86
இன்றைக்கும் அங்கேதான். பிளக் வயரை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தான். உள்ளே பேரிங் போயிருந்தால் சத்தம் மாறுமாம். மாறவில்லை. சைலன்சர் பைப் பக்கம் புகை கசிகிறதா என்று பார்த்தான். அதுவும் இல்லை. கடைசியில் நீளமான ஸ்க்ரூ டிரைவரை இன்ஜினில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்து, டாக்டர் மாதிரி இடம் இடமாகக் கேட்டான்.

"முன்பக்கம் பாய். டைமிங் செயினா இருக்கும். வெள்ளிக்கிழம தொறந்துடலாம். நாளைக்கு ஒரு நாள் தாங்கும், போய்ட்டு வா."

தாங்கும் என்று இவனுக்கு யார் சொன்னது? நடுரோட்டில் நின்றுவிட்டால் அந்த அம்மாவை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?

1-7-86, செவ்வாய்
போனோம், வந்தோம். சார் நாலு தடவை கேட்டுவிட்டார், "இன்னா சத்தம் பாய் அது?" இருதயமேரி அம்மாதான், "இருக்கட்டும் விடுங்க, கடியாரம் மாதிரி தொணைக்கு வருது" என்றாங்க. வாய் உலர்ந்து கிடந்தும் சிரித்தாங்க.

ஒன்று. இன்றைக்குக் கண் அசரவில்லை. வழி நெடுக அந்தச் சத்தத்தின் மேலேயே காது.

3-7-86
நாளைக்கு இன்ஜின் முன்பக்கத்தைத் திறக்கப்போகிறோம் என்றேன். மெஹபூப் முகம் மாறிவிட்டது. "முன்பக்கமா? அங்க கை வெக்கணுமா?" இன்ஜினைப் பற்றி இவளுக்கென்ன கவலை?

4-7-86, வெள்ளி
ஆதிமூலம் முதலில், டைனமோவைச் சுற்றும் ஃபேன் பெல்ட்டைக் கழற்றினான். "இப்பிடியே ஒரு நிமிசம் ஓட்டிப் பாப்போம்." ஓட்டினோம். சத்தம் இல்லை. சுத்தமாக இல்லை. இன்ஜினை நிறுத்திவிட்டு டைனமோவுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினான். கறுப்புக் கயிறு ஒன்று வந்தது. அதன் நுனியில், எண்ணெய் அழுக்கு அப்பிய செப்புத் தாயத்து. கயிறு தளர்ந்து தொங்கி, டைனமோ புல்லி சுற்றச் சுற்றத் தட்டியிருக்கிறது.

"யோவ் பாய், இதுக்கா எட்டு டேப்பெட்டயும் நோண்டுனேன்? எம் புத்தியச் செருப்பால அடிக்கணும்!" விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வரும் வழியில் சிரிப்பு நின்றுவிட்டது.

தாயத்தை மெஹபூப் முன்னால் வைத்தேன். முந்தானையால் எண்ணெய் அழுக்கைத் துடைத்தாள். அப்புறம், "கதவு இடுக்குல புளிய எல ஒட்டியிருந்திச்சு. அந்தப் பக்கந்தான் கழுவுனீங்க" என்றாள். போன வெள்ளி நான் தொழுகைக்குப் போயிருந்தபோது கட்டினாளாம். எங்கே கட்டுவது என்று தெரியாமல் கை போன இடத்தில் கட்டியிருக்கிறாள்.

"முன்னாடி கண்ணாடியில கட்ட வேண்டியதுதானே?"

"கட்டுனா ஏன்னு கேப்பீங்க. நான் சொல்லணும். நான் சொன்னா நீங்களும் சொல்லணும்."

அழுதுவிட்டேன். சொல்லவும் சொன்னேன்.

8-7-86, செவ்வாய்
வண்டி சத்தமே இல்லாமல் ஓடியது. கிளியனூர் கிட்ட வரும்போது மறுபடி இமை கனத்தது. ஓரம் கட்டினேன். "சார், தூக்கம் வருது. அன்னிக்கும் டயரு இல்ல சார். நான் தூங்கிட்டேன்."

சார் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "தூங்குங்க" என்று மட்டும் சொன்னார். அரை மணி நேரம் சீட்டில் சாய்ந்து தூங்கினேன். அப்புறம் செஞ்சி வரைக்கும் ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார் அவர்.

14-7-86
சார் வீட்டுக்கே வந்தார். "நாளைக்கு வேற வண்டி சொல்லிட்டேன் பாய். தப்பா எடுத்துக்காதீங்க. அவளுக்கு எதுனா ஆச்சுன்னா..."  சரிதான் சார் என்றேன். சரிதானே?

15-7-86, செவ்வாய்
மூன்று மணிக்கு வீட்டில் படுத்திருந்தேன். தூக்கம் வரவில்லை.

21-7-86
பஸ் ஸ்டாண்டில் சார் என்னைத் தேடி வந்தார். "நாளைக்கு ஏழு மணிக்கு வந்துடுங்க பாய்." எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார். போன வாரம் வழி முழுக்க அந்த அம்மா கண்ணை மூடவில்லையாம். டிரைவர் தலையையே பார்த்துக்கொண்டு வந்தாங்களாம். "இவன் தூங்குறானா முழிச்சிருக்கானான்னு நான் காவல் காக்க வேண்டியிருக்குது. நம்ம பாய்னா தூக்கம் வந்தா சொல்லிடுவாரு"ன்னு சொல்லிட்டாங்களாம்.

22-7-86, செவ்வாய்
கிளியனூரில் அதே மரத்தடியில் அரை மணி நிறுத்தினோம். நான் முன்னால் தூங்கினேன், அந்த அம்மா பின்னால் தூங்கினாங்க, சார் வெளியே நின்று பேப்பர் படித்தார். ஆறு மணிக்குச் செஞ்சி. மெஹபூப் டிக்கியைத் திறந்து தலையணைகளை எடுத்தாள். காலையில் அவள் வைத்தது ரெண்டு: எனக்கொன்று, அந்த அம்மாவுக்கொன்று.