மெழுகுவர்த்தி ஏற்ற ஓர் ஆள்

ரோஷினி,

நீ போனை எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். ஆம்பூரில் வெயில் ஜாஸ்தி. நேற்று ஷூ கம்பெனி பஸ்ஸில் உன்னைப் பார்த்தேன். கழுத்தில் கம்பெனி அட்டை. அரசு நர்ஸ் வேலைக்கு ஆர்டர் வந்த அன்று நீ எனக்கு ஊட்டிய மக்கன்பேடா ஞாபகம் வந்தது.

போன வருடம் எங்கள் ஆசிரமத்தின் சர்வமத இளைஞர் விழாவில், கிறிஸ்தவர்கள் சார்பில் மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டிய நாட்றம்பள்ளிப் பையன் வரவில்லை. உன்னைக் கூப்பிட்டேன்.

"போட்டோ எடுப்பாங்களா? என் சர்டிபிகேட்ல இந்து எஸ்.சி.ன்னு இருக்குடி" என்றாய்.

"இன்னாடி பயம்? நம்ம ஆளுங்கதான்" என்றேன்.

படத்தை ஃபேஸ்புக்கில் போட்டு, கீழே உன் பெயரோடு 'கிறிஸ்தவ சகோதரி' என்று எழுதியதும் நான்தான். அதை வைத்து, கிறிஸ்தவப் பெண்ணுக்கு எஸ்.சி. இடஒதுக்கீட்டில் வேலை செல்லாது என்று யாரோ மனுப் போட்டார்கள்.

விசாரிக்க வந்த அதிகாரி என்னிடமும் கேட்டார்: "அந்தப் பொண்ணு சர்ச்சுக்குப் போவுதா?"

ஆள் வராததால் சும்மா ஏற்றினாள் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் உண்மையே பேசுவதாக ஆசிரமத்தில் உறுதி எடுத்தவள் நான். "வாரா வாரம் போவா சார்" என்றேன். ஒரே மாதத்தில் உன் ஆர்டர் ரத்தாகிவிட்டது. இதைத்தான் உன்னிடம் இத்தனை நாள் சொல்லவில்லை.

ஆசிரமத்தில் என்னை மெச்சினார்கள். இந்த வருட விழாவும் என் பொறுப்பாம். பேனரில் உன் படத்தையே போட்டிருக்கிறார்கள். மாற்றச் சொன்னேன், "நல்லாத்தானே இருக்குது?" என்கிறார்கள்.

அன்று அந்தப் படத்தை எடுத்தது நான் என்பதால், பேனரில் நீ என்னைப் பார்த்துத்தான் சிரித்துக்கொண்டிருக்கிறாய்.

உண்மை பேசிய
உன் தோஸ்த்